மௌனம் கலைத்த சிப்பாய்

(நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஆறு நாள் உழைத்துவிட்டு, ஏழாவது நாள் ஓய்வையும் சங்கத்துக்குக் கொடுத்திருக்கிறீர்கள்.

காஸாவில் போர் மூண்ட நாள் முதல் நம் ஆட்களிடையே இரண்டு கேள்விகள் அடிக்கடி வருகின்றன. லோக்கல் ரயிலிலும் கேட்கிறார்கள், டீக்கடையிலும் கேட்கிறார்கள். ஒன்று, "யூதன் என்றாலே இப்படித்தானா?" இன்னொன்று, கட்டட வேலை தெரிந்த தம்பிமார் கேட்பது: "இஸ்ரேலுக்கு ஆள் எடுக்கிறார்கள், மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் சம்பளம், போகலாமா அண்ணே?" இரண்டும் நியாயமான கேள்விகள். இரண்டுக்கும் பதில் தேட, இன்றைக்கு உங்களுக்கு ஒரு யூத இளைஞரின் வாழ்க்கையைச் சொல்லப் போகிறேன்.

அவர் பெயர் யெஹுதா ஷாவுல். 1982-ல் ஜெருசலேமில் பிறந்தவர். பெற்றோர் வட அமெரிக்காவிலிருந்து அங்கே குடியேறியவர்கள், ஆசாரமான குடும்பம். இன்றைக்கு அவருக்கு நாற்பது வயது கடந்துவிட்டது. ஆனால் நான் சொல்லப்போவது, அவருடைய பதினெட்டு வயதிலிருந்து இருபத்தொரு வயது வரை நடந்தது. அவரே பல நாடுகளில் மேடையேறிச் சொன்னதையும், அவருடைய அமைப்பு வெளியிட்ட வாக்குமூலங்களையும் படித்துத் தெரிந்துகொண்டதைத்தான் சொல்கிறேன்.

இராணுவ ஆட்சி என்றால் என்ன?

1967 ஜூன் மாதம் ஆறே நாள் நடந்த போரில் இஸ்ரேல் பல பகுதிகளைப் பிடித்தது. மேற்குக் கரை, கிழக்கு ஜெருசலேம், காஸா, எகிப்தின் சினாய், சிரியாவின் கோலான் குன்றுகள் ஆகியவை அதன் கைக்குப் போயின. சினாய் 1982-ல் எகிப்துக்குத் திரும்பியது. காஸாவிலிருந்து 2005-ல் குடியிருப்புகளையும் படையையும் விலக்கிக்கொண்டது, பிறகு வெளியே நின்று முற்றுகையிட்டது. மேற்குக் கரையில் அன்று நுழைந்த படை இன்னும் திரும்பவில்லை. பேரன் பேத்தி எடுத்தவர்கள் அங்கே இருக்கிறார்கள், பிறந்தது முதல் இராணுவ ஆட்சியைத் தவிர வேறு ஆட்சியைப் பார்க்காதவர்கள்.

இராணுவ ஆட்சி என்றால் துப்பாக்கிச் சூடு மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள். துப்பாக்கி வெடிக்காத நாளிலும் அந்த ஆட்சி நடந்துகொண்டுதான் இருக்கும். மேற்குக் கரையின் பெரும்பகுதியில் வீடு கட்ட இராணுவத்தின் அனுமதி வேண்டும். கிணறு வெட்ட அனுமதி வேண்டும். இஸ்ரேலுக்குள் வேலைக்குப் போக அனுமதிச் சீட்டு வேண்டும். வேலைக்குப் போகிற கொத்தனார் விடியலுக்கு இரண்டு மணி நேரம் முன்பே எழுந்து, கம்பி வேலிக்குள் ஆட்டு மந்தை மாதிரி வரிசையில் நின்று, சோதனைச் சாவடி தாண்டி, வேலையிடம் போய்ச் சேர வேண்டும். அந்தச் சீட்டை விற்றுப் பிழைக்கிற தரகர்களும் உண்டு. தரகன் என்றால் யார் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இதற்கு நடுவில், அதே மண்ணில் இஸ்ரேல் தன் குடிமக்களைக் கொண்டுபோய்க் குடியேற்றியிருக்கிறது. மேற்குக் கரையில் சுமார் ஐந்து லட்சம் பேர், கிழக்கு ஜெருசலேமில் இரண்டு லட்சத்துக்கு மேல். பிடித்த நிலத்தில் சொந்த மக்களைக் குடியேற்றக் கூடாது என்று 1949-ம் ஆண்டின் நான்காவது ஜெனீவா ஒப்பந்தம் சொல்கிறது. ஒப்பந்தம் காகிதத்தில் இருக்கிறது, குடியிருப்பு மலை மேல் இருக்கிறது. சட்டமும் இரண்டு. பக்கத்துப் பக்கத்தில் வாழும் இரண்டு பையன்கள் கல்லெறிந்தால், குடியேறியவரின் பையன் சிவில் நீதிமன்றத்துக்குப் போவான், பாலஸ்தீனப் பையன் இராணுவ நீதிமன்றத்துக்குப் போவான்.

2024 ஜூலை 19-ந் தேதி ஹேக் நகரத்து சர்வதேச நீதிமன்றம் இந்த ஆக்கிரமிப்பே சட்டவிரோதமானது, கூடிய விரைவில் முடிவுக்கு வர வேண்டும் என்று கருத்துரை வழங்கியது. அது ஐம்பத்தேழு ஆண்டுகள் கழித்து வந்த சொல். ஆனால் இதே சொல்லை ஒரு இருபத்தொரு வயதுச் சிப்பாய் இருபது ஆண்டுகளுக்கு முன்பே சொல்லிவிட்டார்.

ஹெப்ரான் நகரம்

யெஹுதா ஷாவுல் 2001-ல் படையில் சேர்ந்தார். சேர்ந்தார் என்று சொல்வதைவிடச் சேர்க்கப்பட்டார் என்பதே சரி. அந்த நாட்டில் யூத ஆண்கள் ஏறத்தாழ மூன்று ஆண்டும், பெண்கள் இரண்டு ஆண்டும் கட்டாய சேவை செய்ய வேண்டும். பிள்ளை படைக்குப் போவது அங்கே குடும்பத்துக்குப் பெருமை. எந்தப் பிரிவில் இருந்தாய் என்று கேட்டுத்தான் நட்பும் வேலையும் அமையும். அவர் படித்ததும் மேற்குக் கரையிலுள்ள ஒரு யூதக் குடியிருப்புப் பள்ளியில். இராணுவ எதிர்ப்புக் கூட்டங்களில் வளர்ந்த பிள்ளை அல்ல அவர்.

காலமும் கொடிய காலம். 2000 செப்டம்பரில் பாலஸ்தீனரின் இரண்டாவது எழுச்சி தொடங்கியிருந்தது. இஸ்ரேலில் பஸ்ஸிலும் ஓட்டலிலும் தற்கொலைக் குண்டுகள் வெடித்தன. அடுத்த சில ஆண்டுகளில் இஸ்ரேலியர் சுமார் ஆயிரம் பேரும், பாலஸ்தீனர் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரும் செத்தார்கள். அந்தப் பயத்தையும் நாம் கணக்கில் எடுத்துக்கொண்டால்தான் இவர் கதை புரியும்.

அவரை அனுப்பிய ஊர் ஹெப்ரான். அரபு மக்கள் அல் கலீல் என்பார்கள். யூதர் ஆபிரகாம் என்றும், முஸ்லிம்கள் இப்ராஹீம் நபி என்றும் போற்றுகிற முன்னோரின் சமாதி அங்கே இருப்பதாக இரு தரப்பும் நம்புகிறது. புனித ஊர்தான், ஆனால் ரத்தம் சிந்திய ஊரும் கூட. 1929 கலவரத்தில் அங்கே யூதர் 67 பேர் கொல்லப்பட்டார்கள். 1994 பிப்ரவரியில், ரம்ஜான் மாதத்தில், பக்கத்துக் குடியிருப்பைச் சேர்ந்த ஒரு யூத டாக்டர் பள்ளிவாசலுக்குள் புகுந்து, தொழுகையில் இருந்த 29 பேரைச் சுட்டுக் கொன்றார்.

அப்புறம் நடந்ததைக் கவனியுங்கள். கொன்றவர் குடியேறியவர், செத்தவர்கள் பாலஸ்தீனர். ஆனால் ஊரடங்கு போட்டது பாலஸ்தீனர் மேல். கடைத்தெரு அடைபட்டதும் பாலஸ்தீனருக்குத்தான். 1997-ல் ஊரையே இரண்டாகப் பிரித்தார்கள். சில நூறு குடியேறிகளுக்காக ஊரின் ஐந்தில் ஒரு பங்கு இஸ்ரேல் படையின் நேரடிக் கட்டுப்பாட்டில் நின்றது. அதற்குள் அகப்பட்டுக்கொண்ட பாலஸ்தீனர் முப்பதாயிரம் பேருக்கு மேல். பெரிய சந்தைத் தெருவான ஷுஹதா தெருவில் அவர்கள் நடக்கக் கூடாது என்றானது. தெருவைப் பார்த்த வாசற்கதவுகளை வெல்டிங் வைத்து மூடினார்கள். வீட்டுக்காரர்கள் கொல்லைப்புற ஏணியிலும் மொட்டை மாடி வழியாகவும் போய் வந்தார்கள். 2007-ல் பெட்செலம் என்ற இஸ்ரேலிய மனித உரிமை அமைப்பு கணக்கெடுத்தது. நகர மையத்தில் காலியான வீடுகள் 1,014, மூடப்பட்ட கடைகள் 1,829.

பாலஸ்தீனர் கால் வைக்கக் கூடாத தெருவுக்கு இராணுவம் ஒரு பெயர் வைத்திருந்தது: "ஸ்டெரைல்" தெரு. ஆஸ்பத்திரியில் கத்தி, கத்தரி, ஊசியைக் கொதிக்க வைத்துக் கிருமி நீக்கினால் அதற்குச் சொல்கிற சொல் அது. அந்தத் தெருவிலிருந்து நீக்கிய கிருமி எது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

கட்டளை பழக்கமாவது எப்படி?

அந்த ஊரில் ஷாவுல் ஓர் ஆண்டுக்கு மேல் பணி செய்தார். கிரனேடுகளைத் தொடர்ந்து சுடும் இயந்திரத் துப்பாக்கி ஒன்றை இயக்குவது அவர் வேலை. எதிரே குன்றில் அபு ஸ்னேனே என்ற பாலஸ்தீனக் குடியிருப்பு. அங்கிருந்து ஆயுததாரிகள் குடியேறிகளின் பகுதியை நோக்கிச் சுடுவது உண்டு. 2001 மார்ச்சில் அப்படி வந்த குண்டில் பத்து மாத யூதக் குழந்தை ஒன்று செத்தது. அதுவும் உண்மைதான், அதை மறைக்க வேண்டியதில்லை.

அங்கிருந்து சுட்டால் நீ திருப்பிச் சுடு என்பது கட்டளை. அந்த ஆயுதம் குறி தவறாமல் ஒரு ஆளை அடிக்கிற ஆயுதம் அல்ல. விழுந்த இடத்தைச் சுற்றிப் பல மீட்டர் தூரம் சிதறும். அதை ஆயிரக்கணக்கானோர் வாழ்கிற குடியிருப்பை நோக்கிச் சுட வேண்டும். கேட்டதும் இந்த அதிகாரிக்குப் புத்தி கெட்டுவிட்டதா என்று தோன்றியது என்கிறார் ஷாவுல். முதல் ராத்திரி, யாருக்கும் படக் கூடாது என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டே விசையைத் தொட்டார், தொட்ட வேகத்தில் விரலை எடுத்தார். இரண்டாம் ராத்திரி அந்தப் பதைப்பு கொஞ்சம் குறைந்தது. ஒரு வாரம் போனதும், சலிப்பான நாளில் அதுவே பரபரப்பான வேளையாகிவிட்டது.

தோழர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஒரு வாரத்தில் அவர் கொடியவர் ஆகிவிடவில்லை. அதே தாய்க்குப் பிறந்த அதே பிள்ளைதான். கட்டளை முதல் நாள் அதிர்ச்சி தந்தது, ஏழாம் நாள் வேலையாகிவிட்டது. இவ்வளவுதான் நடந்தது. எந்த ஆக்கிரமிப்பும் அரக்கர்களை நம்பி நடப்பதில்லை. ஷிப்டுக்கு வந்து ஷிப்டு முடிந்து போகிற சாதாரண இளைஞர்களை நம்பித்தான் நடக்கிறது.

இன்னொரு வேலையையும் அவர் விவரித்திருக்கிறார். "நாம் இருப்பதை உணர்த்துவது" என்று அதற்குப் பெயர். ராத்திரி ரோந்து புறப்படும். ஏதாவது ஒரு வீட்டைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்த வீட்டில் குற்றவாளி இருப்பதாகத் தகவல் எதுவும் கிடையாது. கதவைத் தட்டி, தூங்குகிறவர்களை எழுப்பி, ஆண்களை ஒரு பக்கம், பெண்களை ஒரு பக்கம் நிறுத்தி, வீட்டைக் கலைத்துச் சோதித்துவிட்டு வெளியே வருவார்கள். தெருவில் ஒரு ஒலிக்குண்டைப் போடுவார்கள், கடைக்கதவுகளில் அடிப்பார்கள். பிறகு இன்னொரு வீடு. விடிய விடிய இதுதான். எதற்காக? இராணுவம் எந்த நேரத்திலும் எந்த வீட்டிலும் நுழையும் என்ற பயம் ஊரில் ஒருவர் விடாமல் எல்லார் மனதிலும் இருக்க வேண்டும் என்பதற்காக. தாய்மார்களே, பாதி ராத்திரியில் கதவு தட்டப்பட்டால் பிள்ளைகள் எப்படி அலறும் என்பதை நீங்கள் நினைத்துப் பாருங்கள். அந்த அலறல் தற்செயலாக நேர்ந்தது அல்ல. கதவைத் தட்டியதே அதற்காகத்தான்.

சீருடையைக் கழற்றும் வேளை

2004-ல் அவருடைய சேவைக்காலம் முடியும் தறுவாயில் இருந்தது. இனி என்ன படிப்பது, என்ன வேலை பார்ப்பது என்று யோசிக்கத் தொடங்கினார். அதுவரை சிப்பாயாக யோசித்தவர் முதல் முறையாக சாதாரண மனிதனாக யோசித்தார். யோசித்ததும், அதுவரை சரி சரி என்று தோன்றிய காரியங்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணமே கிடைக்கவில்லை என்கிறார். சீருடையோடு சேர்ந்து இருந்த நியாயம், சீருடையைக் கழற்ற நினைத்ததும் கழன்று விழுந்துவிட்டது.

தனியாக இருந்திருந்தால் அதோடு வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் மறக்கப் பார்த்திருப்பார். ஆனால் கூட இருந்த சிப்பாய்களிடம் பேச்சுக் கொடுத்தார். பேசப் பேசத்தான் தெரிந்தது, எல்லார் நெஞ்சிலும் அதே முள். ஒவ்வொருவரும் தனக்கு மட்டும்தான் உறுத்துகிறது என்று எண்ணி வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். சங்கம் கட்டியவர்களுக்கு இது தெரிந்த விஷயம். தனித்தனியாக இருக்கும்போது குறை, கூடிப் பேசினால் கோரிக்கை.

இன்னொன்றும் அவர்களுக்குப் புரிந்தது. வீட்டில் இருப்பவர்களுக்கு எதுவும் தெரியாது. ஹெப்ரானிலிருந்து டெல் அவிவ் நகரத்துக்கு, நாம் இங்கிருந்து கர்ஜத்துக்கு லோக்கலில் போகிற நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடலாம். ஆனால் அங்கே கடற்கரையில் காப்பி குடிக்கிறவர்களுக்கு, தங்கள் பிள்ளைகள் தங்கள் பெயரால் ராத்திரி என்ன செய்கிறார்கள் என்று தெரியாது. தெரிந்துகொள்ள விருப்பமும் இல்லை. ஊருக்குப் போன சிப்பாயிடம் அம்மா "சாப்பிட்டாயா?" என்று கேட்பாள். "என்ன செய்தாய்?" என்று கேட்க மாட்டாள். அவனும் சொல்ல மாட்டான்.

அந்த மௌனத்தைத்தான் கலைக்க முடிவு செய்தார்கள். 2004 ஜூன் மாதம், ஹெப்ரானை டெல் அவிவுக்குக் கொண்டு வருகிறோம் என்று சொல்லி ஒரு புகைப்படக் கண்காட்சி வைத்தார்கள். அறுபதுக்கும் மேற்பட்ட சிப்பாய்கள் அதில் பங்கு கொண்டார்கள். படங்கள் அவர்களே பணியில் இருந்தபோது எடுத்தவை. அவர்கள் சொன்ன வாக்குமூலங்களும் இருந்தன. ஊரடங்கை மீறினார்கள் என்று பாலஸ்தீன ஓட்டுநர்களிடமிருந்து பிடுங்கிய கார் சாவிகளைக்கூடக் காட்சிக்கு வைத்தார்கள். இராணுவப் போலீஸ் கண்காட்சிக்குள் புகுந்து சில பொருள்களைப் பறிமுதல் செய்தது, நடத்தியவர்களை விசாரணைக்கு அழைத்தது. ஆனால் ஜனங்கள் பார்த்துவிட்டார்கள்.

"மௌனம் கலைப்போம்" என்ற பொருள்பட அந்த அமைப்புக்குப் பெயர் வைத்தார்கள். அன்று முதல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிப்பாய்களின் வாக்குமூலங்களை அது பதிவு செய்திருக்கிறது. கிடைத்ததை அப்படியே அச்சிடுவதில்லை. சொன்னவர் உண்மையில் அங்கே பணி செய்தாரா, உடன் இருந்தவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று சரிபார்க்கிறார்கள். நாட்டின் இராணுவத் தணிக்கைக்கும் அனுப்புகிறார்கள். ஷாவுல் ஜனங்களைப் பஸ்ஸில் ஏற்றி ஹெப்ரானுக்கே அழைத்துப் போய்த் தெருத்தெருவாகக் காட்டினார். குடியேறிகள் அவர்கள் மேல் முட்டையும் கல்லும் எறிந்தார்கள். அவர் போவதை நிறுத்தவில்லை.

துரோகி என்ற பட்டம்

அவருக்குக் கிடைத்த பரிசு என்ன? துரோகி என்ற பட்டம். மந்திரிகளே அந்த அமைப்பைத் தூற்றினார்கள். 2017-ல் ஜெர்மன் வெளியுறவு மந்திரி அவர்களைச் சந்திக்க இருந்தார் என்பதற்காகப் பிரதமர் நெதன்யாகு அந்த மந்திரியோடு நடக்க வேண்டிய சந்திப்பையே ரத்து செய்தார். 2018-ல் இப்படிப்பட்ட அமைப்புகளைப் பள்ளிக்கூடங்களுக்குள் விடாமல் தடுக்க நாடாளுமன்றத்தில் ஒரு சட்டமே போட்டார்கள். குண்டுக்குப் பயப்படாத அரசு, குண்டு போட்டவனின் வாக்குமூலத்துக்குப் பயந்தது.

உண்மையில் யார் துரோகி? ஷாவுல் தன் நாடு அழிய வேண்டும் என்று சொன்னதே இல்லை. நாட்டைக் காக்கும் படை வேண்டாம் என்றும் சொன்னதில்லை. இன்னொரு ஜனத்தைத் தலைமுறை தலைமுறையாக அடக்கி ஆள்வது காவல் அல்ல என்கிறார், அவ்வளவுதான். கொடுமை செய்த ஒன்றிரண்டு சிப்பாய்களைப் பிடித்து உள்ளே போட்டால் தீர்ந்துவிடும் என்றும் அவர் சொல்லவில்லை. அதுதான் அவர் சொல்வதில் முக்கியமானது. நல்ல பிள்ளை ஒருவன் சோதனைச் சாவடியில் நின்றால் எல்லாம் சரியாகிவிடும் என்று பல தாய்மார் அங்கே நம்புகிறார்கள். நல்ல பிள்ளை கிழவிக்குத் தண்ணீர் கொடுப்பான். ஆனால் கிழவியை வெயிலில் நிறுத்துகிற சாவடி அங்கேயேதான் இருக்கும். மாற வேண்டியது சாவடி. சாவடியில் நிற்கிறவனை மாற்றிப் பயனில்லை.

மறுத்தவர்களும் உண்டு

ஷாவுல் போய்ப் பார்த்துவிட்டுப் பேசியவர். போகவே மாட்டேன் என்று மறுத்தவர்களும் உண்டு. 1970-லேயே பள்ளி இறுதி மாணவர்கள் ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் பிரதமர் கோல்டா மேயருக்குக் கடிதம் எழுதினார்கள். 1982-ல் லெபனான் போரின்போது "எல்லை உண்டு" என்ற பொருளில் "யேஷ் குவுல்" என்ற அமைப்பு பிறந்தது. 2002-ல் ரிசர்வ் படையினர் நாட்டைக் காக்க வருவோம், ஆக்கிரமித்த பகுதியில் மக்களை அடக்க வர மாட்டோம் என்று அறிக்கை விட்டார்கள். அதில் அறுநூறுக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள்.

2016-ல் தாயிர் கமினர் என்ற பத்தொன்பது வயதுப் பெண் மறுத்தார். அதற்கு முன்பு காஸா எல்லையில் உள்ள ஸ்டெரோட் ஊரில், ராக்கெட் பயத்தில் வாழ்ந்த இஸ்ரேலியக் குழந்தைகளோடு ஓர் ஆண்டு தொண்டு செய்தவர் அவர். அந்தக் குழந்தைகளின் பயத்தையும், அதிலிருந்து வளர்கிற வெறுப்பையும் கண்ட பிறகுதான், இந்தச் சுழலில் நான் ஒரு பங்காளியாக மாட்டேன் என்றார். 150 நாட்களுக்கு மேல் இராணுவச் சிறையில் இருந்தார். அங்கே ஒரேயடியாகத் தண்டனை தருவதில்லை. இருபது நாள், முப்பது நாள் என்று போடுவார்கள். வெளியே வந்ததும் மறுபடி "சேர்கிறாயா?" என்று கேட்பார்கள். மாட்டேன் என்றால் மறுபடி உள்ளே. 2023 டிசம்பரில், ஊரெல்லாம் போர் முழக்கமாக இருந்த வேளையில், டால் மிட்னிக் என்ற பதினெட்டு வயதுப் பையன் இதே வழியில் போய் ஏறத்தாழ ஆறு மாதம் சிறையில் இருந்தான்.

பெண்கள் வெளியிலும் நிற்கிறார்கள். 2001-ல் இஸ்ரேலியப் பெண்கள் சிலர் "மக்ஸோம் வாட்ச்" என்று ஒரு குழு தொடங்கினார்கள். விடியற்காலையில் சோதனைச் சாவடிக்குப் போய், கூலிக்குப் போகிறவர்களின் வரிசைக்குப் பக்கத்தில் நின்று, நடப்பதைக் குறித்துக்கொள்வது அவர்கள் வேலை. அவர்களில் பாட்டிமார் பலர். கையில் ஆயுதம் இல்லை, ஒரு நோட்டுப் புத்தகம்தான்.

இவர்கள் எல்லாம் சேர்ந்தாலும் அந்த நாட்டில் சிறுபான்மைதான். அதையும் சொல்லிவிட வேண்டும். 2023 அக்டோபர் 7-ல் ஹமாஸ் நடத்திய தாக்குதலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டார்கள், 250 பேர் பிணையாகக் கொண்டுபோகப்பட்டார்கள். அதன் பிறகு நடந்த போரில் காஸாவில் 60,000-க்கும் அதிகமானோர் மாண்டார்கள் என்று அங்குள்ள சுகாதாரத் துறை கணக்குச் சொன்னது. அத்தனை ரத்தத்துக்கு நடுவே தன் பக்கத்து அரசை எதிர்த்துப் பேசுகிறவனுக்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

யூதர் வேறு, அரசு வேறு

இப்போது முதல் கேள்விக்கு வருகிறேன். யூதன் என்றாலே இப்படித்தானா? ஷாவுல் யூதர். கமினர் யூதர். சாவடியில் நோட்டுப் புத்தகத்தோடு நிற்கிற பாட்டிமார் யூதர். அந்த ஆக்கிரமிப்பின் கணக்கு வழக்கை உலகத்துக்கு எடுத்துக் கொடுத்தவர்களில் பலர் யூதர். இதற்கு மேல் என்ன பதில் வேண்டும்?

நம் மும்பையிலேயே யூதர் வாழ்கிறார்கள். கொங்கணக் கரையில் செக்கு ஆட்டிப் பிழைத்து, சனிக்கிழமை மட்டும் செக்கை நிறுத்தியதால் "சனிவார் தேலி" என்று பெயர் பெற்றவர்களின் வம்சம். வீட்டில் பேசுவது மராத்தி. ரயில்வேயிலும் சர்க்கார் ஆபீசுகளிலும் அவர்கள் முன்னோர் நிறையப் பேர் வேலை பார்த்தார்கள். 1796-ல் நிறுவப்பட்ட அவர்களுடைய வழிபாட்டுக் கூடம் மஸ்ஜித் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் சாமுவேல் தெருவில் இருக்கிறது. சுற்றிலும் முஸ்லிம் மக்கள்.

2008 நவம்பர் 26-ந் தேதி ராத்திரியை யாரும் மறக்கவில்லை. நாம் இன்னும் வி.டி. என்று சொல்கிற நிலையத்தில், ஊருக்குப் போக மூட்டை முடிச்சோடு உட்கார்ந்திருந்த ஏழை ஜனங்கள் ஐம்பதுக்கும் மேற்பட்டோரைச் சுட்டுக் கொன்றார்கள். அதே கூட்டத்தைச் சேர்ந்தவர்கள்தான் கொலாபாவில் நரிமன் இல்லத்துக்குள் புகுந்து, யூத மதகுரு, கர்ப்பிணியான அவர் மனைவி உள்பட ஆறு பேரைக் கொன்றார்கள். யூதன் என்பதற்காக ஒருவனைக் கொல்வதும், பாலஸ்தீனன் என்பதற்காக ஒருவனை அடக்குவதும் ஒரே விஷ வேரில் முளைத்தவை. ஆகவே தம்பிமாரே, வாட்ஸப்பில் ஒரு ஜனத்தையே இழித்துப் பேசுகிற படம் வந்தால் மேற்கொண்டு அனுப்பாதீர்கள். அதை அனுப்புவதால் காஸாவில் ஒரு பிள்ளைக்கும் சோறு கிடைக்காது.

வேலைக்குப் போகலாமா?

இரண்டாவது கேள்வி வயிற்றுக் கேள்வி. வயிற்றுக்காக ஊர்விட்டு வந்தவர்கள் நாம். போகாதே என்று கட்டளை போட எனக்கு உரிமை கிடையாது. ஆனால் தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள் என்று சொல்லக் கடமை உண்டு.

2023 அக்டோபருக்கு முன்பு சுமார் ஒன்றரை லட்சம் பாலஸ்தீனர் அனுமதிச் சீட்டில் வேலைக்குப் போய் வந்தார்கள், பெரும்பாலும் கட்டட வேலைக்கு. போர் தொடங்கியதும் கிட்டத்தட்ட எல்லாருடைய சீட்டும் முடக்கப்பட்டது. காலியான சாரத்தில் ஏற ஆள் தேவைப்பட்டது. அதற்கு முன்பே, 2023 மே மாதத்தில், 42,000 இந்தியத் தொழிலாளரை அனுப்ப இரு அரசுகளும் ஒப்பந்தம் செய்திருந்தன. 2024 ஜனவரியில் ஹரியானாவில் ரோத்தக்கிலும், உத்தரப் பிரதேசத்தில் லக்னோவிலும் ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்றார்கள். மாதம் 1,37,000 ரூபாய் என்று விளம்பரம். 2024 மார்ச்சில் வட இஸ்ரேலில் தோட்ட வேலை பார்த்துக்கொண்டிருந்த கேரளத் தொழிலாளி ஒருவர் லெபனானிலிருந்து வந்த ஏவுகணையில் உயிரிழந்தார்.

வரிசையில் நின்றவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். உள்ளூரில் வேலை இருந்தால் யார் போர்க்களத்துக்குச் சாரம் கட்டப் போவார்கள்? குறை சொல்ல வேண்டியது அந்த நிலைமையை. ஒரு ஜனத்தின் கூலியைப் பறித்து, அந்த இடத்தில் இன்னொரு ஏழையை நிறுத்துவது எல்லா நாட்டு முதலாளிகளுக்கும் தெரிந்த பழைய தந்திரம். அதனால்தான் மத்தியத் தொழிற்சங்கங்கள் 2023 நவம்பரிலேயே இதை எதிர்த்து அறிக்கை விட்டன. 2024 பிப்ரவரியில், 11 பெரிய துறைமுகங்களில் 3,500 தொழிலாளரைக் கொண்ட நீர்வழிப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனம், இஸ்ரேலுக்குப் போகும் ஆயுதச் சரக்கை ஏற்றவும் மாட்டோம், இறக்கவும் மாட்டோம் என்று அறிவித்தது. துறைமுகத் தொழிலாளி துப்பாக்கி தூக்கியதில்லை. ஆனால் கட்டளைக்கு மறுப்புச் சொல்லும் இடம் தன் கையிலும் ஒன்று இருக்கிறது என்று கண்டுகொண்டான்.

நம் நாட்டுக்கும் இதில் ஒரு பழைய மரியாதை உண்டு. பாலஸ்தீன விடுதலை இயக்கத்தை 1974-லும், பாலஸ்தீன நாட்டை 1988-லும் அங்கீகரித்த நாடு இந்தியா. இஸ்ரேலோடு முழு தூதரக உறவு 1992-ல்தான் வந்தது. உறவு இருக்கட்டும், அந்த மரியாதையைக் கை கழுவ வேண்டாம் என்றுதான் கேட்கிறோம்.

தோழர்களே, முடிக்கிறேன். வெளிநாட்டு வேலைக்குக் கையெழுத்துப் போடப் போகிற தம்பி யாராக இருந்தாலும், அந்தக் காகிதத்தை முதலில் சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள். எந்த இடத்து வேலை, யாருடைய இடம், இன்ஷூரன்ஸ் உண்டா, திரும்பி வரச் செலவு யாருடையது என்று வரி வரியாகப் படித்துச் சொல்கிறோம். பணம் கேட்கிற தரகனிடம் போகாதீர்கள்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளை நாளைக்குப் போலீசாகலாம், செக்யூரிட்டி ஆகலாம், பட்டாளத்துக்கும் போகலாம். நல்லதுதான். வீட்டுக்கு வரும்போது சாப்பிட்டாயா என்று கேளுங்கள். சாப்பிட்ட பிறகு, இன்றைக்கு என்ன செய்தாய் என்றும் கேளுங்கள். அவன் பதில் சொல்கிற வரைக்கும் பொறுமையாக உட்கார்ந்திருங்கள்.